பதினேழு வரை எண்ணும் பூச்சி

2021 மே மாதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் மரத்தடி மண்ணெல்லாம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள். இருட்டியதும் அவற்றிலிருந்து சிள்வண்டுக் குஞ்சுகள் ஏறிவந்து மரப்பட்டையைப் பற்றிக்கொண்டன. முதுகு வெடித்து, உள்ளிருந்து பால்வெள்ளை உடலும் சிவந்த கண்களுமாகப் பூச்சி வெளிப்பட்டது. சில மணி நேரத்தில் உடல் கறுத்து இறுகியது. இவற்றின் பெற்றோர் வெளிவந்தது 2004-இல். பாட்டன் பாட்டி 1987-இல்.

கிழக்கு அமெரிக்காவில் வாழும், மாகிசிகாடா எனப்படும் இந்தச் சிள்வண்டுகளில் மூன்று இனங்கள் 17 ஆண்டும், நான்கு இனங்கள் 13 ஆண்டும் வேர்ச்சாற்றை உறிஞ்சியபடி மண்ணுக்குள் கிடக்கின்றன. இரண்டுமே பகா எண்கள். இது தற்செயலா?

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பூச்சி என்றால், 2, 3, 4, 6 ஆண்டுச் சுழற்சியில் பெருகும் எதிரி எதுவானாலும் ஒவ்வொரு முறையும் அதன் எதிரே வந்து நிற்க முடியும். பதினேழு என்றால் 4 ஆண்டு எதிரி ஒருமுறை சந்தித்தபின் மறுபடி சந்திக்க 68 ஆண்டு ஆகும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான். அழகான விளக்கம். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதைப் பரவலாக்கினார். ஆனால் அப்படிச் சுழலும் எதிரி எதையும் இதுவரை எவரும் காட்டவில்லை. பறவையும் அணிலும் ஆண்டுதோறும் இருக்கின்றன.

அவற்றிடமிருந்து வண்டுகளைக் காப்பது வேறொரு கணக்கு. 1956-இல் இல்லினாயில் ஓரிடத்தில் ஏக்கருக்குச் சுமார் 15 லட்சம் வண்டுகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். பறவைகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் ஏராளம். அதனால் எல்லாம் ஒரே ஆண்டில் வருவதுதான் உயிர்நாடி. தனியே முந்தி வருபவை இரையாகிப்போகும். பகா எண்ணைவிட இந்த ஒற்றுமைதான் எனக்குப் பெரிய வியப்பு.

ஜப்பானிய ஆய்வாளர் ஜின் யோஷிமுரா இன்னொரு காரணம் சொன்னார்: வெவ்வேறு சுழற்சிக் கூட்டங்கள் கலந்தால் குஞ்சுகளின் கணக்குக் குழம்பும், பகா எண்கள் அந்தக் கலப்பைக் குறைக்கும். குறிப்பிட்ட ஒரு பதின்மூன்றாண்டுக் கூட்டமும் ஒரு பதினேழாண்டுக் கூட்டமும் சேர்ந்து வருவது 221 ஆண்டுக்கு ஒருமுறை. 1803-இல் சேர்ந்து வந்த இரண்டு கூட்டங்கள் அடுத்துச் சேர்ந்தது 2024-இல்.

இருந்தும் ஒரு சிக்கல். 2021-இல் வரவேண்டிய கூட்டத்தில் கணிசமானவை 2017-லேயே வந்துவிட்டன. நான்கு ஆண்டு முந்தி. பதினேழில் நான்கு போனால் பதின்மூன்று! வளர்ச்சியில் நான்காண்டுப் படி ஒன்று இருக்குமானால், இரண்டும் பகா எண்களாக அமைந்ததற்கு எதிரிகளைத் தேடவே வேண்டியதில்லை.

சரி, இருட்டுக்குள் ஆண்டை எப்படி எண்ணுகின்றன? ஆய்வாளர் ரிச்சர்ட் கார்பனும் சகாக்களும் 17 ஆண்டு இனத்தின் குஞ்சுகளைப் பீச் மரவேர்களில் வளர்த்து, அந்த மரங்களை ஓராண்டில் இருமுறை பூக்கவைத்தார்கள். குஞ்சுகள் ஓராண்டு முன்னதாகவே மேலே வந்துவிட்டன. அவை எண்ணியது நாட்காட்டியின் ஆண்டை அல்ல, வேர்ச்சாற்றில் வந்துபோன மரத்தின் வசந்தங்களை.