மலையிறங்கும் கூலி

நீலகிரிக்கு வருகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைக் கண்டதும் பரவசமடைகிறார்கள். 1899-ம் வருஷத்தில் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். காண்பதற்கு அற்புதந்தான். ஆனால் மலைமேல் வாழும் விவசாயிக்கு அந்தப் பற்சட்டம் வேறொரு சேதி சொல்கிறது. இங்கே எந்தப் பொருளும் சும்மா ஏறுவதில்லை, சும்மா இறங்குவதுமில்லை.

சென்ற மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தேயிலை விவசாயி என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் என் பழைய மாணவன். இரண்டு ஏக்கர் தோட்டம். பச்சை இலையை விற்றுக் கட்டுப்படியாகவில்லை என்று, சிறு இயந்திரத்தில் பக்குவம் செய்த தேயிலையைப் பெட்டிகளில் அடைத்துச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள குடும்பங்களுக்கு நேரே அனுப்பத் தொடங்கியிருந்தார். வாடிக்கைக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஸார், இந்தப் பில்லைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள். நான் அனுப்பினது இரண்டு கிலோ. இவர்கள் ஐந்து கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள். தராசு பொய் சொல்லுமா?" என்றார்.

தராசு பொய் சொல்லவில்லை. பெட்டிதான் காட்டிக் கொடுத்துவிட்டது. லாரியிலும் விமானத்திலும் பாரத்துக்கு ஓர் எல்லை இருப்பது போலவே இடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பஞ்சு மூட்டை எடையில் குறைவானாலும் இரும்பு மூட்டையைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால்தான் பழைய காலக் கப்பல்காரர்கள், லேசான சரக்காயின் 40 கன அடியை ஒரு டன் என்று கணக்கிட்டார்கள். இன்றைய கூரியர்காரர்களும் அதே மரபில் வந்தவர்களே. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுக்கிறார்கள். வருவது 'கன எடை'. மெய்யெடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி.

நண்பரின் பெட்டி 40-க்கு 30-க்கு 20. பெருக்கினால் 24,000, வகுத்தால் 4.8, முழுமையாக்கினால் ஐந்து கிலோ. அதே தேயிலையை 25-க்கு 20-க்கு 20 பெட்டியில் நெருக்கி அடைத்தால் 10,000. அதாவது இரண்டே கிலோ. கிலோவுக்கு 60 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பெரிய பெட்டிக்கு 300, சிறியதற்கு 120. அதன்மேல் எரிபொருள் கட்டணம் நூற்றுக்கு 20 என்றால் முறையே 360, 144. அதற்கும் மேல் 18 சதவிகித வரி சேர்ந்தால் 425 ரூபாயும் 170 ரூபாயும் ஆகின்றன. பெட்டிக்குள் இருந்த வெறும் காற்றுக்கு 255 ரூபாய்! மேல் கட்டணங்கள் எல்லாம் அடிக்கூலியின் தலைமேல் ஏறி உட்காருகிறவை. ஆகவே அடியில் செய்த பிழை மேலே போகப் போகப் பருத்துவிடுகிறது.

பில்லில் இன்னொரு வரியும் இருந்தது. கம்பெனியின் வழக்கமான எல்லைக்கு அப்பாற்பட்ட கிராமம் என்பதற்காகத் தனிக் கட்டணம். அங்காடித் தெருவுக்கு வரும் வண்டி, பத்து வளைவு தாண்டி எஸ்டேட்டுக்கு வந்தால் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் அது பெட்டியை ஒப்படைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாத முடிவில் தெரிந்து பயனில்லை.

கூலியின் சூட்சுமத்தைத் தமிழ்நாடு இன்று புதிதாகக் கற்கவில்லை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, எதிரே நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் இலவசமாக ஏற்றிச் சென்று, குடையும் கொடுப்பதாகச் சொன்னது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்து, நம் மலையடிவாரத்துக் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனியும் கலைந்தது. இன்றைய கூரியர்காரர்களை அந்தக் கம்பெனியோடு ஒப்பிடுவது நியாயமன்று. இவர்கள் தொழில் செய்து பிழைக்கிறவர்கள். எனினும் அந்தக் கதையின் பாடம் நமக்கு வேண்டியதே. முதல் நாள் காதில் விழும் கூலி முழுக் கூலி அன்று. கடைசி நாள் கைவிட்டுப் போகும் பணந்தான் கூலி.

ஆகவே நண்பரிடம் சில வழிகள் சொன்னேன். தேயிலைக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்வித்துக்கொள்ள வேண்டும். அனுப்பும் முன் தராசின்மேல் பெட்டியை வைத்து, அளவுகோலும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். எடைத் தகராறு வந்தால் அதுவே சாட்சி. எல்லாக் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையை, சேருமிடத்தின் பின்கோடு எண்ணைச் சொல்லி, எழுத்தில் கேட்க வேண்டும். டீசல் விலை இறங்கினால் எரிபொருள் கட்டணமும் இறங்குமா என்று விசாரிக்க வேண்டும். அதோடு தபாலாபீஸின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தூரம் எதுவானாலும் கடிதத்துக்கு ஒரே கட்டணம் என்ற முறை 1854-லேயே இத்தேசத்தில் ஏற்பட்டது. பார்சலுக்கு எடையும் தூரமும் பார்த்தே கட்டணம் என்றாலும், கிராமம் என்பதற்காகத் தபால்காரர் தனிக்கூலி கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வழி கூட்டுறவு. 1935-ல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்குக் காட்டிய வழி அது. தனி மூட்டை கூலிக்குக் கெஞ்சும். நூறு மூட்டை பேரம் பேசும். நண்பர் இப்பொழுது அண்டைத் தோட்டக்காரர் நால்வருடன் சேர்ந்து, வாரம் இரு நாள் எல்லாப் பெட்டிகளையும் ஒரே வண்டியில் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். கிராமத்துத் தனிக் கட்டணம் நின்றுவிட்டது.

மீதிப் பாதி நேயர்களின் கையில் இருக்கிறது. பார்சலில் முதல் அரைக் கிலோவுக்குத்தான் விகிதம் அதிகம். மேலே போகப் போகக் குறையும். உங்கள் தெருவில் மூன்று வீட்டார் மலைத் தேயிலை வாங்குகிறீர்களானால், மூவரும் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள். நீங்கள் கொடுக்கும் ரூபாயில் வண்டிக்குப் போகும் பங்கு குறைந்து, செடிக்குப் போகும் பங்கு கூடும்.