பயிற்றுவோர்க்குப் பயிற்சி

நன்கு கற்றவர் ஒருவர் அவையேறியதும் நாவுலர்ந்து நிற்பதும், அவரினும் குறையக் கற்றவர் தெளிவாகப் பேசி அமர்வதும் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி. பேச்சுத்திறன் பிறவியிலேயே அமைவது, இல்லாதவர்க்கு எத்துணைப் பயிற்சி அளித்தாலும் வாராது என்று சொல்லி அமைதியடைவோர் பலர். இக்கருத்து உண்மையாயின், பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்று நடைபெறும் தீவிர வகுப்புகள் யாவும் வீண் செலவாகவே முடியும். ஆனால் உண்மை அதுவன்று. அவ்வகுப்புகளுள் சில பயன் தருவதற்கும் பல தராமற் போவதற்கும் தெளிவான காரணம் உண்டு.

தமிழிலக்கணம் பயின்ற ஆசிரியர்க்கு அக்காரணம் புதியதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் இயல்பையும் பாடஞ்சொல்லும் முறையையும் மாணாக்கன் கேட்கும் முறையையும் வகுத்துரைக்கின்றார். அவ்விடத்தில் ஒரு கணக்கும் தருகின்றார். ஆசிரியர் கூறுவதை முழுவதும் உள்ளத்திற் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். இந்நூற்பாவை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவர் நம்மிடையே ஏராளம். பயிற்சி வகுப்பின் கால அட்டவணையை இக்கணக்கின்படி வகுத்தவர் எத்தனை பேர்? ஐந்து நாள் வகுப்பில் நான்கரை நாள் விரிவுரை கேட்டு, கடைசி அரைநாளில் சான்றிதழ் பெற்றுத் திரும்புபவர், பவணந்தியார் கணக்குப்படி காற்பங்குக்கு மேல் கொண்டு வருவதற்கில்லை.

இக்கணக்கை நன்னூல் என்ற பெயரையே கேள்வியுறாத மக்கள், வேறொரு நாட்டில், வேறொரு தேவையின் பொருட்டுச் செயற்படுத்திக் காட்டினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் புதிய ஆட்களால் நிரம்பின. கைதேர்ந்தவர் சிலரே, கற்க வேண்டியவர் இலட்சக்கணக்கினர். அந்நெருக்கடியில் 1940ஆம் ஆண்டு தோன்றியதே டி.டபிள்யூ.ஐ. என்று சுருக்கமாக வழங்கப்பட்ட தொழிலகப் பயிற்சித் திட்டம். முதல் உலகப்போரின்போது கப்பல் கட்டும் தொழிலாளரைப் பழக்கிய சார்லஸ் ஆலன் என்பார், 1919ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வகுத்திருந்த நான்குபடி முறையே இதற்கு அடிப்படை. கற்பவரை ஆயத்தப்படுத்துதல், செய்து காட்டி விளக்குதல், அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தல், பின்னரும் தொடர்ந்து கவனித்தல் என்பன அந்நான்கு படிகள். போர்க்கருவிகளுக்குரிய கண்ணாடி வில்லைகளைத் தீட்டும் தொழிலைக் கற்க ஐந்தாண்டு வேண்டும் என்றிருந்த நிலையை இத்திட்டத்தார் சில மாதங்களாகக் குறைத்தனர் என்பது அக்காலத்துப் பெருஞ்செய்தி. 1945ஆம் ஆண்டு திட்டம் முடிவுறுவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் வகுப்புகளிற் பயின்று சான்றிதழ் பெற்றிருந்தனர்.

இவ்வகுப்பு நடந்த விதமே நமக்கு வேண்டுவது. ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட குழு. இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள். ஆகப் பத்தே மணி நேரம்! முதல் அமர்வில் பயிற்றுநர் ஒரு துண்டு மின்கம்பியைக் கையில் எடுப்பார். விளக்கின் கம்பியை யாரேனும் இழுத்தாலும் உள்ளே முடுக்கிய முனைகள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, அதன் இரு இழைகளையும் பிணைத்து இடும் ஒருவகை முடிச்சு உண்டு. அதனை இடும் வழியை, கம்பியைக் கையாளாமல் வாயாலேயே முதலில் விளக்குவார். பின்பு குழுவில் ஒருவரை அழைத்து முடிச்சிடச் சொல்வார். அவரால் இயலாது. அடுத்து, வாய் திறவாமல் மளமளவென்று முடிந்து காட்டுவார். எதிரே இருந்து பார்ப்பவருக்கு வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தோன்றும். அவராலும் இயலாது. மூன்றாவதாக, நான்கு படிகளையும் பிறழாமற் கையாண்டு, கற்பவரைத் தம் அருகே சரியான பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு செயலையும் செய்துகொண்டே சொல்லி, செய்யவைத்து, செய்யும்போதே வாயாலும் சொல்லவைப்பார். சில நிமிடங்களில் முடிச்சு விழும். வெறுஞ்சொல்லும் வெறுங்காட்சியும் கற்பித்தல் ஆகா என்பதை நூறு பக்க விரிவுரையைவிட அம்முடிச்சு தெளிவாக உணர்த்திவிடும்.

அதன் பின்னர்ப் பயிற்றுநர் பேசுவது குறைவு. எஞ்சிய அமர்வுகளில் குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலிலிருந்து ஒரு சிறு வேலையைக் கொண்டுவந்து மற்றவர்முன் கற்பித்துக் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் குழுவினர் நிறை குறைகளை எடுத்துரைப்பர். ஒருவரும் விலக்கில்லை. பவணந்தியாரின் உடன்பயில்வார் பங்கும் எடுத்துரைப்போன் பங்கும் இங்கே கைகூடுவதைக் காணலாம்.

அவ்வாறு கற்பித்துக் காட்ட முன்வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. இரண்டு பத்தி கொண்ட ஒரு தாளை எழுதி வருகின்றார். ஒரு பத்தியில் வேலையின் முக்கியப் படிகள். மற்றொன்றில் அந்தந்தப் படியில் தவறாமற் கவனிக்க வேண்டிய நுட்பம். நம் தோட்டத்தார் அறிந்த பால்மரம் சீவும் தொழிலை எடுத்துக்கொள்வோம். பட்டையைச் சீவு என்பது படி. மரத்தின் வளர்படலத்தைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இப்பாலேயே கத்தியை நிறுத்து என்பது நுட்பம். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் ஒழுங்காகச் சீவ இயலாது. பல்லாண்டு சீவியவர்க்கு இந்நுட்பம் கையிலே இருக்கிறது, வாயிலே வருவதில்லை. புதியவர் கேட்டால் ‘பார்த்துச் சீவு’ என்பார். எதைப் பார்ப்பது என்பதன்றோ கேள்வி! இலக்கணம் கற்பிப்பவர் நிலையும் பலவிடத்து இதுவே. வல்லினம் மிகும் இடங்களைத் தாம் பிழையின்றி எழுதுவார். எழுதும்போது தம் மனம் எதைக் கண்டு முடிவு செய்கின்றது என்று கேட்டால் திகைப்பார். அத்தாளை எழுதப் பழகுவதே பயிற்றுநராவதில் பெரும்பகுதி என்று கூறுவது மிகையன்று.

மேடையச்சத்துக்கும் இத்தாளே மருந்தாகின்றது. திருக்குறளில் அவையறிதல் என்னும் 72ஆம் அதிகாரத்தை அடுத்தே அவையஞ்சாமை என்னும் 73ஆம் அதிகாரம் நிற்கின்றது. கேட்போர் யாவர், அவர் அறிந்தது எவ்வளவு, சொல்ல வேண்டியது எது என்று தெளிந்தவர்க்கே அஞ்சாமை வாய்க்கும் என்று அவ்வரிசைக்குப் பொருள் கொள்வதில் தவறில்லை. துணிவு பெறுவதற்கென்று கைகளை வீசவும் குரலை உயர்த்தவும் கற்பிக்கும் வகுப்புகள் இம்முறையைத் தலைகீழாக்குகின்றன. பொருள் தெளியாதவனின் உரத்த குரல் அவனையே ஏமாற்றக்கூடும். அவையை நெடுநேரம் ஏமாற்றாது. 1912ஆம் ஆண்டு நியூயார்க்கில் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் இரவுப் பள்ளியில் பேச்சுக்கலை கற்பித்த டேல் கார்னகியும் இதே உண்மையைத் தற்செயலாகவே கண்டார். கைவசமிருந்த பாடம் தீர்ந்துவிடவே, மாணவர்களை எழுப்பி அவரவர் வாழ்க்கையில் நேர்ந்ததைப் பேசச் சொன்னார். தமக்கே நேர்ந்ததைப் பேசியபோது அவர்களுடைய கூச்சம் குறைந்தது என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி.

ஆசிரியர் பயிற்சியில் இம்முறைக்கு வேறொரு வடிவம் தந்தவர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார். டுவைட் ஆலன் முதலியோர் 1963ஆம் ஆண்டில் அங்கே உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தலில், பயிற்சி ஆசிரியர் நான்கைந்து மாணவர்க்கு ஐந்து அல்லது பத்து நிமிடம் ஒரே ஒரு திறனைக் கைக்கொண்டு பாடம் நடத்துவார். அது படமாகப் பதிவாகும். தம் பாடத்தைத் தாமே கண்டு, மேற்பார்வையாளரின் கருத்தையும் கேட்டு, திருத்திக்கொண்டு அதே பாடத்தை வேறு மாணவர்க்கு மறுபடியும் நடத்துவார். இம்மறுமுறைதான் இதன் உயிர். குறையைக் கேட்டுவிட்டு அப்படியே வீடு திரும்புபவர் குறையை மட்டுமே சுமந்து செல்கின்றார். அன்றே மீண்டும் செய்து பார்த்தவர் திருத்தத்தைக் கொண்டு செல்கின்றார். அன்று பெரும்பொருள் செலவிட்டுச் செய்த படப்பதிவை இன்று ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே செய்யும்.

இவையெல்லாம் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு ஏன் வேண்டும் எனின், மலேசியாவில் புதிய பாடத்திட்டம் வகுப்பறையை அடையும் வழியே இதுதான். 2011ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்புகளில் கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், தலைமைப் பயிற்றுநர் சிலர் முதலிற் பயின்று, அவர்கள் பிறர்க்கு உரைக்க, அவர்கள் பள்ளி ஆசிரியர்க்கு உரைக்க, படிப்படியாகவே செய்தி இறங்கியது. ஒவ்வொரு படியிலும் கேட்டவர் காற்பங்கே கொண்டு அதையே மறுபடி விரிவுரையாக ஊற்றினால், மூன்றாம் படியில் நிற்கும் ஆசிரியருக்கு என்ன மிஞ்சும்? காலின் காலில் கால், அஃதாவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. கணக்குப் பாடத்தில் மாணாக்கர் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது! ஆயின் அந்த அறுபத்து நான்கில் ஒன்றைப் பெறுவது ஆசிரியரோடு நிற்பதன்று. தோட்டத்துப் பிள்ளைகளின் பங்கும் அதற்குள்ளேதான் அடங்கும்.

டி.டபிள்யூ.ஐ. திட்டமும் ஒருவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றும் படிமுறையில்தான் நடந்தது. எனினும் ஒவ்வொரு படியிலும் பயில்பவர் எழுந்து கற்பித்துக் காட்டினார். பயிற்றுநர் எத்துணை அனுபவம் உடையவராயினும் நினைவை நம்பாமல் எழுதிய கையேட்டை முன்வைத்தே நடத்துமாறு பணிக்கப்பட்டார். பேச்சு வல்லவர்க்கு இக்கட்டுப்பாடு எரிச்சல் ஊட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாவன்மை அளவாகவே உடையவரும் அதனாலேயே உறுதியோடு வகுப்பை நடத்த முடிந்தது.

ஆகவே, ஓர் ஆசிரியரைப் பயிற்றுநர் வகுப்புக்கு அனுப்புமுன் தலைமையாசிரியர் கேட்டறிய வேண்டியவை உள. குழுவில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எத்தனை முறை எழுந்து நடத்துவர்? தம் சொந்தப் பாடத்தையா, கொடுத்த பாடத்தையா? திருத்தம் கேட்டபின் அதே பாடத்தை மறுபடி நடத்த இடமுண்டா? நாற்பது பேரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி நடத்தும் வகுப்பில் இவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. அத்தகைய வகுப்புக்கே சென்று வந்தவராயினும் அவரைக் கைவிட வேண்டியதில்லை. பள்ளிக்குத் திரும்பிய வாரத்திலேயே, ஆசிரியர் கூட்டத்தின் இறுதியில் அவசரமாக ஒதுக்கும் பத்து நிமிடத்தில் அன்றி, தனியே ஒரு மணி நேரத்தில், நான்கைந்து சக ஆசிரியரை மாணவராக இருத்தி, தாம் கற்றதில் ஒரு சிறு பகுதியை மட்டும் அவர் நடத்திக் காட்டலாம். அவர்கள் கூறுவதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு, மறுநாள் அதே பகுதியை வேறு நால்வருக்கு நடத்தலாம்.