எருதின் பின்கால் நொண்டல்: காரணம் அறியும் வகை

உழவுக்குப் பதம் வந்த நாளில் எருது பின்காலை ஊன்றாமல் நிற்குமாயின், குடியானவருக்கு அதனினும் பெரிய இடையூறு வேறில்லை. அவ்வேளையில் பலர் சுளுக்கென்று முடிவுகட்டி, இடுப்பிலும் தொடையிலும் சூடு போடுவர். சுளுக்கும் உண்டு, ஆயினும் நொண்டலுக்குக் காரணம் பலவாகும். அவற்றுட் சில தாமே தீரும். ஒன்றோ இரண்டே நாளில் உயிரைப் போக்கிவிடும். ஆதலின் மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

முதலிற் குளம்பைக் கழுவிப் பார்க்க வேண்டும். முள், ஆணி, கல் இவற்றுள் ஏதேனும் தைத்திருப்பின் அவ்விடம் சுடும்; அழுத்தினால் மாடு காலை இழுத்துக்கொள்ளும். குளம்பின் இடுக்கில் கொப்புளமும், வாயில் புண்ணும், எச்சில் ஒழுகலும் சேர்ந்திருப்பின் அது கோமாரியாகும். அம்மாட்டைப் பொதுக் குட்டைக்கும் சந்தைக்கும் கொண்டுபோகலாகாது.

காய்ச்சலும் புண்ணுமின்றித் தீனி நன்றாய்த் தின்னும் எருது, எழுந்து நடக்கத் தொடங்குகையில் ஒரு பின்காலை விறைப்பாய்ப் பின்னுக்கு நீட்டி, குளம்பு நுனியைத் தரையில் இழுத்து, பிறகு வெடுக்கென்று உதறி மடக்குமாயின், தொடைக்குக் கீழுள்ள மூட்டின் சில்லு எலும்பு மேலேறிப் பூட்டிக்கொள்கிறதென்று அறியலாம். சூட்டினால் இப்பூட்டு விலகாது, தோல்தான் புண்ணாகும். கால்நடை மருத்துவர் அம்மூட்டின் நாரொன்றைச் சிறு சிகிச்சையால் அறுத்துவிட, எருது மீண்டும் ஏருக்கு உதவும்.

திடீரென்று கடுங்காய்ச்சல் கண்டு, உடல் விறைத்து, நொண்டல் இன்று ஒரு காலிலும் நாளை மற்றொன்றிலும் தோன்றுமாயின் அது மூன்று நாட்காய்ச்சலாகும். பெரும்பாலும் இது தானே தணியும். ஆனால் அச்சமயம் விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாமாதலால், மூங்கிற் குழாயால் கஷாயம் புகட்டலாகாது. அது நுரையீரலிற் புகுந்து உயிருக்கே கேடாகும். சில நாள் ஓய்வு கொடுப்பது அவசியம்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது சப்பை நோய். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வயதுள்ள, கொழுத்த இளங்கன்றுகளையே இது மிகுதியும் தாக்கும். காய்ச்சலுடன் தொடையோ தோளோ வீங்கும். தொடக்கத்திற் சூடும் வலியுமாயிருந்து, பின்னர் வீக்கம் குளிர்ந்து உணர்வற்றுப்போகும். அழுத்தினால் உள்ளே காற்றிருப்பதுபோல் நறநறவென்னும். வலி நின்றதென்று மகிழ்வது பெரும் பிழை. வீக்கம் கண்ட அந்நாழிகையே மருத்துவரை அழைத்தால்தான் பிழைக்க வழியுண்டு. இறந்த மாட்டைத் தோலுரியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். இந்நோயின் வித்து மண்ணிற் பல்லாண்டு கிடக்கும்.

ஆகவே, காய்ச்சல் உண்டா, வீக்கம் உண்டா, பக்கத்துத் தொழுவிலும் நோய் கண்டதா, மாடு காலை எவ்வாறு வைக்கிறது என்னும் நான்கையும் கேட்டறிந்தால் பெரும்பாலும் வழி புலப்படும். சப்பை நோய் வழக்கமாய்க் காணும் ஊர்களில், மழைக்கு முன்னரே ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வாராயின், பல வீடுகளின் செல்வம் காக்கப்படும்.