இணையக் கடைக்கு முகவரிப் பலகையும் பூட்டும்



கடையை வேறு தெருவுக்கு மாற்றும்போது பழைய கடையின் ஷட்டரில் ஒரு தாளை ஒட்டுகிறோம். "இக்கடை எதிர் வரிசையில் 42ஆம் எண்ணுக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதுகிறோம். மழையில் தாள் கரைந்தால் மறுபடியும் ஒட்டுகிறோம். பக்கத்து டீக்கடையிலும் சொல்லி வைக்கிறோம். இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், நமது இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரி என்ன ஆகும் என்று கேட்பதில்லை. தளம் அமைத்துத் தருபவரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்பவன். எங்கள் தளத்தில் தினசரி விலைக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதன் முகவரியைக் க்யூ.ஆர். கட்டமாகப் பில் புத்தகத்திலும், காலண்டரிலும், தீபாவளிக்குக் கொடுத்த துணிப்பைகளிலும் அச்சிட்டிருந்தோம். பிறகு தளத்தைப் புதிதாக மாற்றினோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து வெளியூர் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "என்ன அண்ணாச்சி, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டார். பையில் உள்ள கட்டத்தைப் போனில் காட்டினால் '404, பக்கம் இல்லை' என்று வருகிறதாம். கொடுத்த பைகளைத் திரும்ப வாங்கி அழித்தா எழுத முடியும்?

அது போதாதென்று அவரே இன்னொன்றும் சொன்னார். விலை கிடைக்காததால் கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடியிருக்கிறார். ஏஜெண்டுகளுக்கு மட்டும் என்று நாங்கள் வைத்திருந்த மொத்த விலைப் பட்டியல், மூட்டைக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற விவரத்துடன், அப்படியே திறந்து கொண்டதாம். எந்த ஊர்க்காரருக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரிந்தால் மொத்த வியாபாரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டு கோளாறுகளையும் ஒரே ஒரு சிறு கோப்பில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதிச் சரிசெய்ய முடிந்தது. அதை நாமே உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் என்ன எழுதப்படுகிறது என்று தெரிந்திருந்தால்தான் எழுதுபவரிடம் கேட்டு வாங்க முடியும்.

வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் எனப்படும் கம்ப்யூட்டர், பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்கிறது. இது திரையில் பெரும்பாலும் தெரியாது. 200 என்றால் சரக்கு இருக்கிறது. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 410 என்றால் முன்பு இருந்தது, இப்போது எடுத்தாகிவிட்டது. 401 என்றால் நீங்கள் யார் என்று சொல்லுங்கள் என்று பொருள். 403 என்றால் உங்களை உள்ளே விடுவதற்கில்லை. நமக்கு முக்கியமானவை 301, 302 என்ற இரண்டு. 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது. 302 என்றால் தற்காலிகமாக அங்கே பாருங்கள். இந்த இரண்டில் எதைச் சொன்னாலும், சேர்ந்து வரும் புதிய முகவரிக்கு பிரவுசர் தானாகவே போய்விடும். வாடிக்கையாளர் கவனிக்கக்கூட மாட்டார்.

குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் 1995இல் வெளிவந்த அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளோ, அதன் கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும் லைட்ஸ்பீடோ ஓடிக்கொண்டிருக்கும். இவற்றில் நம் தளத்தின் கோப்புறையிலேயே 'எச்.டி.ஆக்சஸ்' என்ற கோப்பை வைக்கலாம். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனாலேயே கோப்புப் பட்டியலில் கண்ணில் படாது; மறைந்த கோப்புகளைக் காட்டு என்று அமைப்பில் சொன்னால்தான் தெரியும். "அப்படி ஒரு ஃபைலே இல்லையே" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன். 'ரீடைரக்ட் 301' என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டில் தொடங்கும் பழைய பக்கத்தின் பாதை, மறுபடி ஓர் இடைவெளி, பிறகு புதிய முகவரி. அவ்வளவுதான், ஒரு வரி. எண்ணைப் போட மறந்துவிட்டால் அப்பாச்சி அதை 302 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்தால் அதற்குள் இருக்கும் எல்லாப் பக்கங்களும் அதே பெயரோடு புதிய கோப்புறைக்கு மாறும். 'பருப்பு' என்பதை 'தானியம்' என்று மாற்றினால், 'பருப்பு' கோப்புறையில் இருந்த 'துவரை' தானாகவே 'தானியம்' கோப்புறையின் 'துவரை'க்குப் போகும். ஐம்பது பொருளுக்கு ஐம்பது வரி எழுத வேண்டியதில்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நாங்கள் விழுந்தோம். பழைய தளங்களில் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, பொருள் எண் 27 என்பது போல வரும். மேலே சொன்ன கட்டளை கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்காது. அந்த வரி சரியாகவே எழுதப்பட்டிருக்கும், ஆனால் வேலை செய்யாது. அதற்கு 'ரீரைட்' என்ற வேறொரு வகைக் கட்டளை வேண்டும். ரால்ஃப் எங்கல்ஷால் என்பவர் 1996இல் எழுதிய கருவி அது. வலிமையானது, ஆனால் படிக்கக் கடினமானது. அதை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சிலர் சோம்பல்பட்டு, பழைய முகவரிகள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். துவரம் பருப்பு விலை கேட்டு வந்தவரை மார்க்கெட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது போன்றது இது. வாடிக்கையாளர் போய்விடுவார். கூகுளும் இப்படித் திருப்பப்பட்ட பக்கங்களை 'இல்லாத பக்கம்' என்றே கணக்கில் வைக்கக்கூடும். அதற்கு நிகரான புதிய பக்கம் உண்டென்றால் அங்கே அனுப்புங்கள். அந்தச் சரக்கையே விட்டுவிட்டீர்கள் என்றால் 410 சொல்லிவிடுங்கள்.

301 போடும் முன் இன்னொன்று. நிரந்தரம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும். அடுத்த தடவை நம்மைக் கேட்காமலே புதிய இடத்துக்குப் போகும். தவறான முகவரியைக் கொடுத்துவிட்டு மறுநாள் திருத்தினாலும், அவர் போனில் பழைய தவறே தொடரலாம். ஆகவே முதலில் 302 போட்டு இரண்டு நாள் சோதித்துவிட்டு, பிறகு 301 ஆக்குவது என் வழக்கம்.

ஒவ்வொரு தடவை தளம் மாற்றும்போதும் மேலுக்கு மேல் திருப்பி, முதல் முகவரியிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். குரோம் பிரவுசர் இருபது திருப்பத்துக்கு மேல் கைவிட்டுவிடும். கூகுளின் தேடல் இயந்திரம் பத்து வரைதான் தொடரும். அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை என்றாலும், சிக்னல் குறைவான ஊரில் ஒவ்வொரு திருப்பமும் காத்திருப்புதான். பழைய வரிகளையும் கடைசி முகவரிக்கே நேராகத் திருத்திவிட வேண்டும்.

சங்கிலியை விட மோசமானது சுற்று. பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான முகவரிக்கு எல்லோரையும் திருப்பு என்று சர்வரில் ஒரு வரி எழுதுகிறோம். நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே வேகத்துக்காக இன்னொரு நிறுவனத்தின் சேவையை வைத்திருக்கிறோம். அந்தச் சேவை வாடிக்கையாளரிடம் பாதுகாப்பான வழியில் பேசினாலும், நம் சர்வரிடம் சாதாரண வழியில் பேசும்படி அமைத்திருந்தால், நம் சர்வர் அதை மறுபடி திருப்பும். அது மறுபடி சாதாரண வழியிலேயே வரும். இப்படியே முடிவில்லாமல் ஓடும். தளம் திறக்காது. நடுச்சேவையின் அமைப்பில் இருபுறமும் பாதுகாப்பான வழி என்று மாற்றினால் நின்றுவிடும்.

ஆர்டர் படிவம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பத்துப் பொருளைக் குறித்து 'அனுப்பு' என்று அழுத்துகிறார். அந்தப் படிவம் போகும் முகவரி 301இலோ 302இலோ திரும்பினால், பிரவுசர்கள் பொதுவாகப் புதிய இடத்துக்கு வெறுங்கையோடுதான் போகும். எழுதிய பட்டியல் வழியில் விழுந்துவிடும். அவர் ஆர்டர் கொடுத்துவிட்டதாக நினைப்பார். நம்மிடம் ஒன்றும் வந்திருக்காது. பட்டியலோடு திருப்பத் தற்காலிகத்துக்கு 307, நிரந்தரத்துக்கு 308 என்று தனி எண்கள் உண்டு. பணம் வந்தது என்று வங்கிச் சேவை நம் தளத்துக்கு அனுப்பும் செய்தியை எந்தத் திருப்பத்தையும் நம்பி விடாதீர்கள். அவர்களிடம் பதிந்துள்ள முகவரியையே மாற்றிவிடுங்கள்.

இனி பூட்டுக்கு வருவோம். எங்கள் விலைப்பட்டியல் எப்படி வெளியே போனது? ஒரு கோப்புறையில் முகப்புக் கோப்பு எதுவும் இல்லாவிட்டால், பட்டியல் காட்டும் வசதி திறந்திருக்கும் சர்வர், உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளின் பெயரையும் கேட்டவருக்குக் காட்டிவிடும். கிடங்கின் சரக்குப் பேரேட்டை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. 'ஆப்ஷன்ஸ் மைனஸ் இண்டெக்சஸ்' என்ற ஒரே வரி அதை நிறுத்தும். ஆனால் பெயர் தெரிந்தவர் நேராகக் கேட்டால் கோப்பு இன்னமும் கிடைக்கும். முழுதாக மூட, அந்தக் கோப்புறைக்குள் ஒரு எச்.டி.ஆக்சஸ் வைத்து 'ரிக்வயர் ஆல் டினைடு' என்று எழுத வேண்டும். 2012இல் வந்த அப்பாச்சி 2.4இலிருந்து இதுதான் முறை. 'ஆர்டர், டினை, அலவ்' என்று பழைய முறையில் எழுதித் தருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் கலந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்ல முடியாமல் போகும்.

ஏஜெண்டுகள் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பூட்டு உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால், ஒருவர் நம்மை விட்டுப் போகும்போது அத்தனை பேருக்கும் மாற்ற வேண்டிவரும். பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பைத் தளத்தின் கோப்புறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். இந்த முறையில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல், எளிதில் பிரித்துப் படிக்கக்கூடிய வடிவில்தான் போகிறது; ஆகவே பாதுகாப்பான முகவரியில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

குறிப்பிட்ட ஐ.பி. எண்ணிலிருந்து மட்டும் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம் என்றும் பூட்டலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மொபைல் இணைப்பிலும் வீட்டு இணைப்பிலும் அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். கடைக்கு நிலையான எண் தனியாக வாங்கியிருந்தால் ஒழிய, ஒருநாள் காலையில் முதலாளியே வெளியில் நிற்க நேரிடும்.

ரோபோட்ஸ் கோப்பில் எழுதிவிட்டேன், கூகுள் வராது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த அந்த ஏற்பாடு ஒரு வேண்டுகோள் மட்டுமே, பூட்டு அல்ல. அந்தக் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். 'மொத்த விலை கோப்புறைக்குப் போகாதீர்கள்' என்று அதில் எழுதினால், அப்படி ஒரு கோப்புறை இருக்கிறது என்று நாமே விளம்பரம் செய்ததாகும்.

கோப்பைத் திருத்தும் நேரத்தையும் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் 500 என்ற பிழையோடு தளம் முழுதும் நின்றுவிடும். சேமித்த உடனே நடைமுறைக்கு வந்துவிடும் என்பதால் நடுவில் யோசிக்க நேரமில்லை. பழைய கோப்பின் நகலை நம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, மாதத்தின் கடைசி வாரத்தில் இரவு நேரத்தில் செய்யுங்கள். மளிகைக் கடைக்கு மாத முதல் வாரம் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, சத்தமே இல்லாமல் பூட்டு கழன்றுவிடுவது. இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் என்ற சர்வர் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அது எச்.டி.ஆக்சஸ் கோப்பைப் படிப்பதே இல்லை; அதன் விதிகளைச் சர்வரின் தலைமைக் கோப்பில்தான் எழுத வேண்டும். வாடகை குறைவு, வேகம் அதிகம் என்று அந்த இடத்துக்குத் தளத்தை மாற்றினால், கோப்பு அப்படியே இருக்கும், அதில் எழுதிய பூட்டு எதுவும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது. அப்பாச்சியிலேயே 'அலவ்ஓவர்ரைடு' என்ற அமைப்பு 'நன்' என்றிருந்தால் இதே கதிதான். ஆகவே இடம் மாற்றியதும் கடை இணைப்பை விட்டுவிட்டு, வேறொருவர் மொபைலில், பிரவுசரின் தனி ஜன்னலில் மொத்த விலைப் பட்டியலின் முழு முகவரியை அடித்துப் பாருங்கள். 401 அல்லது 403 வர வேண்டும். ஏற்கனவே கூகுளில் ஏறிவிட்டால், பூட்டிய பிறகு அவர்களுடைய சர்ச் கன்சோலில் நீக்கக் கோரலாம். அது சுமார் ஆறு மாதம் மறைத்து வைக்கும். அதற்குள் பூட்டு உறுதியாக இருக்க வேண்டும்.

திருப்பிய முகவரிகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்று கூகுள் சொல்கிறது. அச்சிட்ட பைக்கு அந்தக் கணக்குப் போதாது. யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் ஒரு நாட்குறிப்பு எழுதிவருகிறது. வாடகை இடத்துக்காரரிடம் கேட்டால் காட்டுவார். மாதம் ஒருமுறை அதில் 404 விழுந்த முகவரிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிவிடுகிறேன். போன மாதம் பார்த்தபோதும், அந்தத் தீபாவளிப் பையின் பழைய முகவரியை வாரத்துக்கு நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் 301 போய், விலைப் பக்கம் திறந்திருக்கிறது.