இருவராய் நடக்குமுன்

ஆகஸ்டு மாதம் பாதியைக் கடந்துவிட்டால் நம் பங்கு இல்லத்தின் வாயிலில் காவியுடுத்த மக்கள் வந்து நிற்பார்கள். 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அதற்குள் நடந்து சென்று சேரவேண்டும் என்ற ஆவலோடு, புறப்படும் காலையில் ஆசீர் கேட்டு வருவோரே பெரும்பாலோர். கூட்டமாய்ச் செல்வோரைப் பற்றி நமக்குக் கவலை அதிகமில்லை. முன்னே சப்பரமும் பின்னே உணவு வண்டியும் செல்லும். ஒருவர் சோர்ந்தால் தாங்குவதற்குப் பத்துப் பேர் இருப்பர். கணவனும் மனைவியும் மட்டும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு முதன்முறையாகப் பல நாள் நடைக்குப் புறப்படுவதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. அத்தகையோர்க்காகவே இதனை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு சூலைத் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் நம்மிடம் வந்தனர். தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நான்கு நாளில் நடந்து போவதாக வேண்டுதல் என்றார் கணவர். மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றியாம். அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என்று வழியிலுள்ள ஊர்களை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். சுமார் 90 கிலோமீட்டர். அவர் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் மனைவி தம் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களும் வேண்டிக்கொண்டீர்களா?" என்று வினவினோம்.

"அவர் வேண்டிக்கொண்டார், சாமி. ரெண்டு பேரும் வருவோம்னு சொல்லிட்டார்" என்றார் அம்மையார்.

நம் குடும்பங்களில் இது புதிதன்று. ஒருவர் வாய் திறந்து வேண்ட, மற்றவர் கால் நடக்கவேண்டியதாகிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்போ (1983) இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. பொருத்தனை என்பது, அதன் இயல்பிலேயே, அதனைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது 1193-ஆம் சட்டம். கணவர் செய்த பொருத்தனை மனைவியைக் கட்டாது. மனைவி செய்தது கணவரைக் கட்டாது. அது மட்டுமன்று. தக்க காரணமிருந்தால் தனியார் பொருத்தனையிலிருந்து விலக்களிக்கப் பங்குக் குருவுக்கே அதிகாரமுண்டு (சட்டம் 1196). ஆகவே, "அன்னை கோபித்துக்கொள்வாளோ" என்று அஞ்சி நோயோடு நடப்பவர்கள் புறப்படுமுன் ஒருமுறை தம் பங்குக் குருவிடம் பேசுவார்களாக. இதனைக் கூறியவுடன் அந்த அம்மையார் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கூறியதுதான் வியப்பு. "எனக்கு வர ஆசைதான் சாமி. ஆனா யாரும் கேட்கலை."

ஆகவே, பையைத் தேடுமுன் செய்யவேண்டிய ஆயத்தம் ஒன்றுண்டு. இருவரும் எதிரெதிரே அமர்ந்து மூன்று வினாக்களை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவேண்டும். உனக்கு விருப்பமா? எவ்வளவு தூரம் முடியும்? நடுவழியில் ஒருவருக்கு இயலாமற்போனால் இருவரும் பேருந்தில் ஏறிவிடுவதா, அல்லது ஒருவர் மட்டும் தொடர்வதா? மூன்றாவது வினாவை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளாதவர்கள் அதனைச் சாலையோரத்தில், உச்சி வெயிலில், எல்லோரும் பார்க்கத் தீர்க்கவேண்டியிருக்கும்.

அடுத்து மருத்துவர். அந்த அம்மையாருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். நாம் வற்புறுத்தியதன்பேரில் மருத்துவரிடம் சென்றனர். அவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இடது பாதத்தின் முன்பகுதியில் இரண்டு இடங்களில் தொட்டது அம்மையாருக்குத் தெரியவில்லை. நீண்டநாள் சர்க்கரை நோய் காலின் நரம்புகளை மழுங்கச் செய்துவிடும்; முள் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் உணர்வு இராது; புண் வந்தபின்னும் வலி இராது; வலி இல்லாததால் நடை நிற்காது. புண் அழுகிக் காலையே இழந்தவர்களை மருத்துவமனைகளில் நாம் நோயில்பூசுதல் அளிக்கச் சென்று கண்டிருக்கிறோம். வெறுங்காலோடு நடப்பதே பக்தி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சர்க்கரை நோயாளர் ஒருபோதும் வெறுங்காலோடு நடக்கலாகாது. இதில் நாம் தளர்ந்து கொடுப்பதாயில்லை.

மருத்துவர் நடையைத் தடுக்கவில்லை. தூரத்தைக் குறைக்கவும், நல்ல காலணி அணியவும், ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பார்க்கவும் சொன்னார். கணவர் மறுபடியும் நம்மிடம் வந்தார். வேண்டுதலில் நாள் குறித்ததுண்டா என்று கேட்டோம்; இல்லையென்றார். நீங்கள் இருவரும் சேர்ந்து நடப்பது முக்கியமா, தஞ்சையிலிருந்து தொடங்குவது முக்கியமா என்று கேட்டோம். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, சேர்ந்து நடப்பதுதான் என்றார். அதன்படியே பொருத்தனையை மாற்றி அமைத்தோம். திருவாரூரில் தொடக்கம், முதல் நாள் கீழ்வேளூர், இரண்டாம் நாள் நாகை, மூன்றாம் நாள் வேளாங்கண்ணி. நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். காலம், தை மாதம். முதன்முறை நடப்போர்க்கு நாம் கூறும் அறிவுரையும் அதுவே. திருவிழா நாட்களில் வெயிலும் கடுமை, தங்க இடம் கிடைப்பதும் அரிது. மழைக்காலம் முடிந்த தை, மாசியில் காலை குளிர்ச்சியாயிருக்கும். கோயிலிலும் அமைதியாக மன்றாடலாம்.

இனி, பயிற்சி. இதில் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு, பெருமைக்குரிய அனுபவமன்று. குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு பங்கு இளைஞரோடு தஞ்சையிலிருந்து நடந்தோம். பயிற்சி ஏதுமில்லை. முந்தின நாள் வாங்கிய புத்தம்புதுக் காலணி வேறு. அம்மாபேட்டையிலேயே குதிகால் எரியத் தொடங்கிற்று. குரு என்ற கௌரவம் வாய் திறக்கவிடவில்லை. நீடாமங்கலத்தில் காலுறையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. திருவாரூரில் இளைஞர்கள் நம்மைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் நடந்து வந்து சேர்ந்தபோது நாம் வேளாங்கண்ணியில் கால்களை நீட்டி அமர்ந்திருந்தோம்.

கொப்புளத்தை உண்டாக்குவது உராய்வும் ஈரமும்தான். ஆகவே ஒரு மாதமேனும் அணிந்து பழகிய காலணியே தகும். நடைபோடும்போது கால் சற்று வீங்குமாதலால் விரல்களுக்கு முன் சிறிது இடைவெளி இருக்கவேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். மூன்று இணை எடுத்துச் சென்று நடுப்பகலில் மாற்றிக்கொள்ளலாம். விரலிடுக்குகள் ஈரமின்றி இருக்கட்டும். குதிகாலிலும் விரல் ஓரத்திலும் சிறிது வாசலின் தடவினால் உராய்வு குறையும். தோல் எங்கேனும் சூடாக எரிவதுபோல் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று ஒட்டுப் பட்டை போடவேண்டும். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நாம் செய்த தவறு.

அத்தம்பதியர் எட்டு வாரம் பயிற்சி செய்தனர். முதல் வாரம் நாளும் 3 கிலோமீட்டர்; பிறகு 5; பிறகு 8. இறுதி வாரங்களில் முதுகுப் பையோடு, தொடர்ந்து இரண்டு நாள். இரண்டாம் நாள்தான் உண்மை தெரியும்; முதல் நாள் யாரும் நடந்துவிடுவர். முதல் வாரத்திலேயே சச்சரவு எழுந்தது. கணவர் வேகமாக நடப்பவர். நூறடி முன்னே சென்று, நின்று, திரும்பிப் பார்த்து, மனைவி மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும் மறுபடி புறப்படுவார். அதாவது ஓய்வு அவருக்கு, ஓட்டம் அவளுக்கு! மெதுவாக நடப்பவரை முன்னே விடுக என்றோம். பின்னே வருபவர் தம் அடியைச் சுருக்கிக்கொள்ளட்டும். இந்த ஒரு மாற்றத்திற்கு அவருக்கு மூன்று வாரம் பிடித்ததாம்.

எருசலேம் திருவிழாவிலிருந்து மரியாவும் சூசையும் திரும்பி வந்த பயணம் நினைவுக்கு வருகிறது. பாலன் கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணிக்கொண்டே ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள் என்கிறார் லூக்கா. திருக்குடும்பத்திலேயே, கேட்காமல் எண்ணிக்கொண்டதால் மூன்று நாள் தேட நேர்ந்தது.

பை எவ்வளவு கனக்கலாம்? உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மாற்றுடை இரண்டு, துண்டு, போர்வை, மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, டார்ச் விளக்கு, ஊசிநூல், மருந்துகள், தண்ணீர்ப் புட்டி, செபமாலை. வேறென்ன வேண்டும்? பணத்தையும் அடையாள அட்டையையும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்வது நலம். மருந்துச்சீட்டின் படி ஒன்று மற்றவர் பையில் இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்க்கு நடையின்போது இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரை கொடுக்கவேண்டும். இவ்வறிகுறிகளைத் துணைவர் மனப்பாடம் செய்திருக்கவேண்டும்; சர்க்கரைப் பொட்டலம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும்.

கூச்சத்தால் பலர் பேசாத ஒன்றையும் கூறிவிடுகிறோம். வழியில் கழிப்பிடம் இராதென்று அஞ்சிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகின்றனர். அதனால் வெயிலில் மயக்கம், சிறுநீர்த் தொற்று. கணவன்மாரே, எந்த ஊரில் கோயில், எங்கே பெட்ரோல் நிலையம் என்று முன்பே விசாரித்து வையுங்கள். தங்கவிருக்கும் ஊரின் பங்குக் குருவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மிகுந்த வியர்வைக்குப் பின் உப்பு-சர்க்கரைக் கரைசல் நல்லது. கடைப் பொட்டலம் இல்லையெனில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். சர்க்கரை நோயாளர் இதனை மருத்துவரைக் கேட்டே அருந்தவேண்டும்.

சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு நடக்கவேண்டும். நம் தஞ்சைச் சீமையில் அறுவடைக் காலத்தில் சாலையோரத்தை நெல் ஆக்கிரமித்துக்கொள்ளும். அவ்விடங்களில் ஒருவர் பின் ஒருவராகச் செல்க. விடியுமுன் நடப்போர் வெள்ளை உடுத்தட்டும். பையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டட்டும். இருட்டிய பின் நடக்கவே வேண்டாம்.

தை மாதத்தில் அவர்கள் நடந்தார்கள். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அன்னையின் சொற்கேட்டு எழுந்து நாகைக்கு ஓடினான் என்று மரபு கூறும் அதே வழியில், எதிர்த் திசையில், மூன்றாம் நாள் பிற்பகல் வேளாங்கண்ணி சேர்ந்தனர். திரும்பி வந்து நம்மைக் கண்டபோது கணவர் பேச்சு முழுவதும் இரவுகளைப் பற்றியே இருந்தது. கீழ்வேளூரில் முதல் நாள் இரவு டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு மனைவியின் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் விரலாகப் பார்த்திருக்கிறார். பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் நாம் பன்னிருவர் பாதம் கழுவுவதைக் கோயிலில் பார்த்தவர்தாம். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் சாமி. அவ காலடியை நான் பார்த்ததே இல்லை. வெடிப்பெல்லாம் எவ்வளவு ஆழம்!" என்றார். இரண்டாம் நாள் இரவு சுண்டுவிரல் ஓரத்தில் சிவப்பு ஒன்று தெரிந்ததாம். அம்மையாருக்கு அது தெரியவேயில்லை. மறுநாள் பட்டை ஒட்டி, நாலு முறை நிறுத்திப் பார்த்து நடந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் இருவரும் மீண்டும் வந்தனர். வரும் தையில் நீடாமங்கலத்திலிருந்து தொடங்கலாமா என்று இம்முறை கேட்டவர் அம்மையார். மருத்துவரைப் பார்த்தாயிற்றாம். பையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தாயிற்றாம், ஐந்தரைக் கிலோ. அதில் ஒரு கிலோ என்னவென்று விசாரித்தோம். வறுத்த கடலை என்றார் கணவர், சற்று வெட்கத்தோடு.