தலையிடியும் நரம்பு நோய்களும்

தலையிடியை அறியாத மனிதர் மிகச் சிலரே. காய்ச்சலுக்கு முன்னோடியாக வருவதும், பசியினாலும் உறக்கமின்மையாலும் வருவதும், பரீட்சைக் காலத்திற் புத்தகத்தின்மேற் கவிழ்ந்திருக்கும் மாணவனுக்கு வருவதும் தலையிடியே. யாவர்க்கும் பொதுவாயிருத்தலின் அதனைப் பலர் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. நெற்றியிற் பற்றிட்டோ ஒரு குளிகையை விழுங்கியோ அப்பாற் செல்வர். பெரும்பாலும் அதனால் தீங்கு விளைவதில்லை. ஆயின், மிக அரிதாக ஒரு தலையிடி உயிரைக் கவரும் நோயொன்றின் முதற் குறியாக இருத்தலும் உண்டு. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் அறிவு வைத்தியர்க்கு மாத்திரமன்றி, வீட்டிலுள்ளோர்க்கும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கும் வேண்டப்படுவதாகும்.

தலைநோய் பண்டுதொட்டே ஆராயப்பட்டு வந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் கிரேக்க வைத்தியர், தலையின் ஒரு பாதியைப் பற்றும் நோவுக்குப் 'பாதித் தலை' என்னும் பொருள்தரும் பெயரை வழங்கினார். அப்பெயரே நாளடைவிற் சிதைந்து 'மைகிறேன்' ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ் வைத்திய நூலாகிய பரராசசேகரமும் தலையைப் பற்றிய நோய்களைச் 'சிரரோகம்' எனத் தனியே வகுத்துக் கூறுகின்றது. ஐரோப்பாவில், 1664ஆம் ஆண்டிலே தொமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் மூளையின் அமைப்பைப் பற்றி வெளியிட்ட நூல், நரம்பியல் என்னுந் துறைக்கு அடிகோலியது.

தலையிடிக்கும்போது நோவது யாது என்னும் வினா முதலில் எழும். மூளையே நோகின்றது என்பர் பலர், அது பொருந்தாது. மூளைக்கு நோவை உணரும் நரம்பு முனைகள் இல்லை. கனடாவிலே மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்னும் சத்திர வைத்தியர், தோலை மாத்திரம் மரக்கச் செய்து, நோயாளர் விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கையிலேயே மூளையை மின்னாற் றொட்டு ஆராய்ந்தார். அதனால் அவர்களுக்கு நோவு தோன்றவில்லை. நோவை உணர்வன மூளையைப் போர்த்துள்ள உறைகளும், அங்குள்ள பெரிய குருதிக் கலன்களும், தலையோட்டின் புறத்தேயுள்ள தசைகளும், கண், காது, பல், மூக்கறைகள் என்பனவுமேயாம். இவற்றுட் பலவற்றினின்றும் உணர்ச்சியைக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பு. ஆதலினாலேயே பல்லிலும் கண்ணிலும் தோன்றுங் கோளாறு நெற்றியில் நோவாகத் தெரிவதும் உண்டு.

தலையிடியின் வகைகள்

தலையிடி இருபாற்படும். பிறிதொரு நோயின்றித் தானே நோயாய் அமைவது ஒன்று. வேறொரு நோயின் குறியாய் வருவது மற்றொன்று. முதல் வகையே பெரும்பான்மையானது. அதனுள் மூன்று சிறப்பாகக் கருதற்குரியன.

முதலாவது இறுக்கத் தலையிடி. தலையைச் சுற்றிக் கயிற்றாற் கட்டியதுபோல இரு பக்கத்திலும் அழுத்தும் நோவு இது. அரை மணி நேரந் தொடக்கம் ஏழு நாள் வரையும் நீடிக்கலாம், எனினும் நடமாட்டத்தைத் தடுக்காது, வாந்தி இராது. மனக் கவலை, உறக்கக் குறைவு, கழுத்தை வளைத்து நெடுநேரமிருத்தல் என்பன இதனை வளர்ப்பன. ஓய்வும், நடையும், வேண்டுமிடத்து ஒரு சாதாரண நோவகற்றியும் போதியன.

இரண்டாவது மைகிறேன் எனப்படும் ஒற்றைத் தலையிடி. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் இதனால் வருந்துகின்றனர். ஆண்களிலும் பெண்களே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருந்துவர். நாடி துடிப்பதுபோலத் துடிக்கும் நோவு பெரும்பாலும் ஒரு பக்கத்திலே தோன்றி, 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். படியேறினும் குனியினும் மிகும். குமட்டலும் வாந்தியும் உடன் வரும். ஒளியும் ஓசையும் பொறுக்கலாகா. நோயாளி இருண்ட அறையை நாடிக் கிடப்பார். சிலர்க்கு நோவு தொடங்குமுன், மின்னும் வளைகோடுகள் கண்முன் தோன்றி மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்துள் மறையும். காள் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தமக்குத் தோன்றிய இக்கோடுகளைத் தாமே வரைந்து கணித்து, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஏதோ ஒன்று பரவுகின்றது என 1941இல் எழுதினார். 1944இல் பிறேசில் நாட்டவராகிய லெயோ என்பவர் முயலின் மூளையில் அதனையொத்த வேகத்திற் பரவும் ஒரு மின்னொடுக்கத்தைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் ஒன்றே என்பது பின்னரே உணரப்பட்டது.

இந்நோயைப் பலர் பீனிசம் என்றும், பித்தம் என்றும், கண் பார்வைக் குறைவு என்றும் கொண்டு காலங் கழிப்பர். உண்மையான பீனிசத் தலையிடியிற் காய்ச்சலும், மூக்கினின்று தடித்த சளியும், முகத்தில் அழுத்த நோவுங் காணப்படும். கண்ணைச் சோதித்தல் நன்றே. ஆயினும் மூக்குக் கண்ணாடி மைகிறேனைத் தீர்ப்பதில்லை. வேளைக்கு உண்ணாமை, விரத நாளில் நெடும் பட்டினி, உறக்கம் குறைதலும் மிகுதலும், கடும் வெயில், மாதவிடாய், நாடோறும் அருந்திய கோப்பியைத் திடீரெனக் கைவிடுதல் என்பன இந்நோயைத் தூண்டலாம்.

நோவு முற்றிய பின் உண்ணும் மருந்து பயன் குறைந்தது. தொடக்கத்திலேயே போதிய அளவில் உட்கொள்ளல் வேண்டும். பரசிற்றமோல், அஸ்பிரின், இபுபுறோபன் என்பவற்றுடன் வாந்தியைத் தடுக்கும் மருந்தும் உதவும். சிறுவர்க்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. இவற்றால் அடங்காதார்க்கு 1990ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்த திரிப்தான் வகை மருந்துகள் உள. இருதய நாடி நோயுடையார்க்கு அவை ஆகா. அடிக்கடி வருந்துவோர்க்கு வருமுன் காக்கும் மருந்துகளை வைத்தியர் வழங்குவர். புறோப்பிறனலோல், அமித்திரிப்ரிலீன் என்பன அவற்றுட் சில. புறோப்பிறனலோல் தொய்வு நோயாளர்க்கு ஏற்றதன்று. முக்கிளை நரம்பு முனைகளிற் சுரக்கும் ஒரு புரதப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வழங்கப்படுகின்றன.

மூன்றாவது கொத்துத் தலையிடி. இஃது அரியது, பொறுத்தற்கரியது. ஒரு கண்ணைச் சுற்றிக் குடைவதுபோல் எழுந்து, 15 நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நிற்கும். அக்கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும். மைகிறேன் உடையார் அசையாது கிடப்பர். இந்நோயுடையாரோ இருக்கமாட்டாது உலாவுவர். தூய ஒட்சிசனை முகமூடி வழியே சுவாசித்தல் இதற்குச் சிறந்த பரிகாரம்.

மருந்தே நோயாதல்

தலையிடிக்கு உண்ணும் மருந்தே தலையிடியை உண்டாக்கும் என்பது பலர் அறியாத உண்மை. சாதாரண நோவகற்றிகளை மாதத்தில் 15 நாளுக்கு மேலும், திரிப்தான், ஏகோற்றமீன், கூட்டு மருந்துகள் என்பவற்றை 10 நாளுக்கு மேலும், மூன்று மாதங்களாக உட்கொண்டு வருவோர்க்குத் தலையிடி நாளாந்த நோயாகின்றது. காலையில் நோவுடன் விழிப்பர், குளிகை உண்பர், சற்றே தணியும், மறுநாளும் அங்ஙனமே. குளிகையைக் கைவிட்டாலன்றி இச்சுழலினின்று மீட்சியில்லை. கைவிட்ட முதற் சில நாட்களில் நோவு மிகும். பின்னர் வாரக் கணக்கிற் குறையும். வைத்தியரின் துணையோடு இதனைச் செய்தல் தகும். பரசிற்றமோலும் அளவு கடந்தால் ஈரலைக் கெடுக்கும்; வளர்ந்தோர் 500 மில்லிகிராம் குளிகைகள் எட்டுக்கு மேல் ஒரு நாளில் உட்கொள்ளலாகாது.

அபாயக் குறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்படினும் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காது வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

இடி விழுந்தாற்போல ஒரு நிமிடத்துள் உச்சத்தை அடையும் நோவு, மூளையைச் சூழ்ந்த குருதிக் கலன் வெடித்தமையைக் காட்டலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, ஒளியைக் காணமாட்டாது மயங்குவது மூளையுறை அழற்சியின் குறி. கைகால் சோர்தல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், வலிப்பு என்பன நோவோடு கூடி வரினும், நாளுக்கு நாள் மிகுந்து விடியற் காலையில் வாந்தியோடு எழுப்பினும், தலையில் அடிபட்டபின் தொடங்கினும், கருவுற்ற பெண்ணுக்குப் புதிதாக வரினும் அசட்டை செய்தலாகாது. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு முதன்முறையாகத் தலையிடி தோன்றி, கன்னப்பொறி தொட நொந்து, உணவை மெல்லும்போது தாடை வலித்தால், அது நாடி அழற்சியாயிருத்தல் கூடும். தாமதித்தால் கண் பார்வை அழியும். உடன் மருந்து கொடுத்தாற் காக்கலாம்.

இலங்கையிற் காய்ச்சலோடு வருந் தலையிடி டெங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பது நினைவிலிருத்தற்பாலது. அந்நோயில் அஸ்பிரினும் இபுபுறோபனும் குருதிப் பெருக்கை உண்டாக்குமாதலின், பரசிற்றமோல் ஒன்றே உட்கொள்ளத்தக்கது.

வலிப்பு

காக்கைவலி எனவும் வழங்கும் வலிப்பு நோய் தெய்வ குற்றமென்று கருதப்பட்ட காலத்திலேயே, பிற நோய்களைப் போல இதுவும் இயற்கைக் காரணத்தால் வருவது என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிறற்றிசின் பெயரால் வழங்கும் நூல் எடுத்துரைத்தது. ஜேர்மனியில் ஹான்ஸ் பேகர் என்பார் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். வலிப்பின்போது அவ்வலைகள் கட்டுக் கடங்காது எழுதல் பின்னர் அறியப்பட்டது. உலகில் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கட்கு இந்நோய் உண்டு. தக்க மருந்தை ஒழுங்காக உண்டால் அவர்களுட் பத்தில் எழுவர் வலிப்பின்றி வாழ்தல் கூடும்.

ஒருவர் வலிப்புற்று விழுந்தாற் செய்யத்தக்கன சில. கூர்மையான பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் மெத்தென்ற ஒன்றை இடுக. கழுத்துப் பட்டியைத் தளர்த்துக. வலிப்பு ஓய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரித்து வைக்க. வாயிற் கரண்டி முதலியவற்றைத் திணித்தலும், நீர் ஊற்றலும், கையுங் காலும் அமுக்கிப் பிடித்தலும் தீங்கு தருவன. கையில் இரும்பு கொடுத்தலாற் பயனில்லை. வலிப்பு தானே ஓய்வதைக் கண்டோர் இரும்பே ஓய்வித்தது எனக் கொண்டனர். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வரினும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்துதல் பேராபத்தானது. சில வலிப்பு மருந்துகள் கருவுக்குத் தீங்கு தருமாதலின், பெண்கள் கருவுறுமுன்னரே வைத்தியரை வினாவுதல் நன்று.

வலிப்பு யாவும் விழுந்து துடிப்பனவல்ல. வகுப்பிலே ஒரு பிள்ளை சில வினாடிகள் எழுதுவதை நிறுத்தி, வெறுமையாய் நோக்கி, இமை துடித்து, பின் ஒன்றும் நிகழாததுபோல எழுதத் தொடங்கும். பெயர் சொல்லி அழைத்தாற் கேளாது. நாளொன்றிற் பல முறை இங்ஙனம் நிகழ, பிள்ளை பாடத்திற் பின்தங்கும். ஆசிரியர் இதனைக் கவனயீனம் எனக் கொண்டு தண்டித்தலும் உண்டு. இஃது ஒரு வகை வலிப்பாகும், மூளைமின் வரைபால் அறியப்படும், மருந்தால் அடங்கும். இதனை முதலிற் காணும் வாய்ப்பு வைத்தியரினும் ஆசிரியர்க்கே மிகுதி.

பாரிசவாதம், முகவாதம், நடுக்குவாதம்

முகம் ஒரு பக்கங் கோணுதல், ஒரு கை உயர்த்தமாட்டாது சோர்தல், பேச்சுக் குழறல் என்னும் மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் அது பாரிசவாதம் எனக் கொள்ளல் வேண்டும். மூளைக்குச் செல்லும் நாடி அடைபடுதலாலோ வெடித்தலாலோ இது நிகழும். எது நிகழ்ந்தது என்பதைத் தலையின் சீ. ரி. படத்தாலன்றி அறிதல் அரிது. ஆதலின் வீட்டில் அஸ்பிரின் கொடுத்தலாகாது. விழுங்கும் ஆற்றல் சோதிக்கப்படுமுன் உணவும் நீருங் கொடுத்தலாகாது. அடைப்பாயின், நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை ஏற்றுதல் கூடும். எனவே, நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வருவித்தல் முதற் கடமை. குறிகள் சில நிமிடத்தில் மறைந்தாலும் வைத்தியரை அடைதல் வேண்டும்; அது பின்வரும் பெருநோயின் முன்னறிவிப்பாகலாம். குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அடக்குதலும், புகைத்தலை ஒழித்தலும் இந்நோய்க்கு அரண்.

முகவாதமும் முகத்தைக் கோணச் செய்யும். சேர் சாள்ஸ் பெல் என்பவர் பெயரால் அறியப்படும் அந்நோயில் ஏழாம் நரம்பு தாக்கப்படுவதால் நெற்றியைச் சுருக்கலும் கண்ணை மூடலும் இயலா. பாரிசவாதத்திலோ பெரும்பாலும் நெற்றி சுருங்கும். மூன்று நாளுள் மருந்து தொடங்கி, மூடாத கண்ணைப் பாதுகாத்தாற் பெரும்பாலோர் குணமடைவர். ஆயினும் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வைத்தியர் கடன்; வீட்டாரின் கடன் விரைந்து கொண்டு செல்வதே.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விளக்கிய நடுக்குவாதம் முதுமையில் மெல்லத் தொடங்கும். ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், நடை குறுகும், எழுத்துச் சிறுக்கும். மூளையில் டோப்பமீன் என்னும் பொருள் குறைதலே காரணம் என அறிந்தபின், 1960களின் பிற்பகுதியில் இலெவோடோப்பா என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. நோயை வேரறுக்காதாயினும் பல ஆண்டுகள் நடமாட்டத்தை அது காக்கின்றது.

இந்நோய்களை அறிதற்குப் பெருங் கருவிகளினும் முதன்மையானது நோயாளியின் வரலாறே. தலையிடி எந்நாளில், எந்நேரத்தில் தொடங்கிற்று, எப்பக்கத்தில் நின்றது, எவ்வளவு நேரம் நீடித்தது, முன்னர் உண்டதும் உறங்கியதும் எவ்வளவு, எத்தனை குளிகை உட்கொள்ளப்பட்டது என்பவற்றை இரண்டு மாதம் ஒரு சிறு கொப்பியிற் குறித்து வருவோர், வைத்தியர்க்குப் பாதி வேலையைத் தாமே முடித்துக் கொடுத்தவராவர். வலிப்பைப் பொறுத்தவரை, நோயாளி தமக்கு நிகழ்ந்ததை அறியார். அருகில் நின்றவர் பதற்றமின்றிக் கண்டு, கடிகாரம் பார்த்துக் கூறுஞ் செய்தியே நோயை நிச்சயிக்கத் துணை செய்வதாகும்.