மலை ஏறிய கேக்!

'எனக்குக் கேக் செய்யத் தெரியும்' என்று இனி யாரிடமும் பெருமை அடித்துக் கொள்வதில்லை என்று, ஏற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் தீர்மானம் செய்தேன். தீர்மானம் பதினொன்றரை மணி வரையில் நீடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சும்மா கதையாகச் சொல்லவில்லை. நீங்களும் அப்படியே செய்து பார்க்கும்படி அளவோடு சொல்கிறேன்.

ஏற்காடு விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-ல் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளி என்று அங்கே பழமையான பள்ளிகள் உண்டு. என் மகளும் அந்த மலையில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கடிதம் வந்துவிட்டது. "அம்மா, கடைக் கேக் வேண்டாம். நீ செய்வாயே, பட்டை வாசனை வரும் கேக், அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டு வா. என் சிநேகிதிகளிடம் சொல்லிவிட்டேன்!"

சிநேகிதிகளிடம் சொல்லியாகிவிட்டது என்றால் அதற்கு மேல் அப்பீலே கிடையாது அல்லவா?

சேலத்தில் எங்கள் வீட்டில் அந்தக் கேக்கை நான் இருபது தடவையாவது செய்திருப்பேன். ஒரு தடவையும் தவறியதில்லை. ஆகவே, சுடச்சுடக் கொடுக்கலாமே என்ற ஆசையில், சாமான்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மலை ஏறினோம். நாங்கள் தங்கிய வாடகை வீட்டில் மின்சார அடுப்பு ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் மாவைக் கலந்து வைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், கேக் கோபுரம் மாதிரி எழும்புகிறது! "பார்த்தீர்களா!" என்று என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தபோது கோபுரம் இருந்த இடத்தில் குளம் இருந்தது. நடுவில் பொதபொதவென்று அமுங்கி, ஓரமெல்லாம் வறண்டு போயிருந்தது.

"ஏரியும் காடும் சேர்ந்ததுதானே ஏற்காடு? அதனால் கேக்கிலும் ஒரு ஏரி வந்திருக்கிறது" என்றார் அவர். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை நான்கு மணிக்குக் குழந்தைகள் வந்து விடுவார்களே!

அந்த வீட்டைப் பார்த்துக் கொள்ளும் பெரியவர் காப்பித் தோட்டத்து பங்களாக்களில் நெடுங்காலம் சமையல் செய்தவராம். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"கீழே செய்கிற அளவிலேயே இங்கேயும் செய்தீர்களா, அம்மா?"

"ஆமாம் ஐயா. எப்போதும் செய்கிற அளவுதான். என்ன குறை என்றே தெரியவில்லை."

"குறை உங்கள் கையில் இல்லை, மலையில் இருக்கிறது. உயரத்துக்கு வந்தால் மாவுக்கும் மூச்சு வாங்கும், அம்மா!"

வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ ஏறத்தாழ ஐயாயிரம் அடி. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. மாவில் பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயுவை மேலிருந்து அழுத்துகிற காற்று லேசாக இருப்பதால், குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருத்து விடுகின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அவை உடைந்து போகின்றன. கேக் எழும்பி அமுங்குவதன் ரகசியம் இதுதான். மேலும், அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. ஆகவே ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போய், ஓரங்கள் வறண்டு விடுகின்றன. மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது என்று உதகை, கொடைக்கானலில் இருப்பவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதற்கும் இதே காரணந்தான்.

அடுத்து என் பட்டைத்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார் பெரியவர். "இது குருமாவுக்குப் போடுகிற பட்டை, அம்மா. காரம் இருக்கும், இனிப்பு மணம் இருக்காது. கேக்குக்குச் சுருள் பட்டை அல்லவா வேண்டும்?" என்று சொல்லி, தம் அறையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் கொண்டு வந்தார்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். நம் மளிகைக் கடைகளில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்னும் வேறு மரத்தின் பட்டை. அது தடித்து, மரச் சிராய் போல் கெட்டியாக இருக்கும். மிக்ஸியையே திணற வைக்கும். உண்மையான இலவங்கப்பட்டை, அதாவது இலங்கைக் கருவாப்பட்டை, காகிதம் போல் மெல்லியது. பல ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். போர்த்துக்கீசியர் 1505-ல் இலங்கைக் கரைக்கு வந்ததும், டச்சுக்காரர் 1656-ல் கொழும்பைப் பிடித்ததும், 1796-ல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் நீங்கள் சரித்திரத்தில் படித்தவைதான். அந்தப் போட்டிகளில் எல்லாம் இந்த மெல்லிய பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு!

இந்த மரம் சேர்வராயன் மலையிலும் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பியையும் மேல்நாட்டுப் பழ மரங்களையும் கொண்டுவந்து பயிரிட்டார். இன்று காப்பிக்கும் மிளகுக்கும் பக்கத்தில் கருவா மரமும் இங்கே வளர்கிறது. ஏற்காட்டில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'ஒய்.சி.டி. 1' என்று ஏற்காட்டின் பெயரையே வைத்து ஒரு கருவா ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மரத்தை ஓங்கி வளரவிடாமல் அடியோடு வெட்டி விடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் இளங்கிளைகளை வெட்டி, மேல் தோலைச் சுரண்டிவிட்டு, உள்பட்டையை உரித்து உலர்த்துவார்கள். காயக் காய அது தானே சுருண்டு கொள்ளும்.

மணத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. காசியாப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவுக்கு மீறித் தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் தினசரி வரம்பு. ஜெர்மனியில் சோதித்ததில் காசியாத் தூளில் கிலோவுக்குச் சராசரியாக 3 கிராம் கூமரின் இருந்தது. இலங்கைப் பட்டையில் அது மிக மிகச் சொற்பம். கீழே நான் சொல்லப் போகும் கேக்கைக் காசியாவில் செய்தால், ஒரு துண்டில் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் சேரும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் வரம்பே 1.5 மில்லிகிராம்தான்! பயந்து விடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் சாப்பிட்டாலும் தீங்கு வராதபடி வைத்த வரம்பு அது. பண்டிகைக்கு இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் குழந்தைகளுக்கு அடிக்கடி செய்வதாக இருந்தாலும், வீட்டில் ஈரல் கோளாறு உள்ளவர் இருந்தாலும், சுருள் பட்டைதான் நல்லது. விலை சற்று அதிகம். ஆனால் ஒரு தடவைக்கு வேண்டியது இரண்டரைத் தேக்கரண்டித் தூள் மட்டுமே.

இனி, செய்முறைக்கு வருவோம்.

வேண்டிய சாமான்கள்: மைதா 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், புளிக்காத தயிர் 100 கிராம், பால் 3 மேஜைக் கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. மேலே தூவுவதற்குச் சர்க்கரை 2 மேஜைக் கரண்டியும் பட்டைத்தூள் 1 தேக்கரண்டியும் தனியே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தேவையில்லை. தயிரும் சோடாவும் அந்த வேலையைச் செய்து விடும்.

பட்டையை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஆறியதும் பொடித்துச் சலியுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பட்டைத்தூள் ஐந்தையும் சேர்த்து இரண்டு தடவை சலிக்க வேண்டும். வேறு பாத்திரத்தில் வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் கட்டியில்லாமல் கலந்து, தயிரையும் பாலையும் ஊற்றி அடியுங்கள். அதில் மாவைக் கொட்டி, மாவு தெரியாத வரையில் மட்டும் கிளறுங்கள். சப்பாத்தி மாவு போல் எண்ணிப் பிசைந்து விட்டால் கேக் ரப்பராகிவிடும், ஜாக்கிரதை!

எட்டு அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றிச் சமப்படுத்தி, சர்க்கரையும் பட்டையும் கலந்த தூளை மேலே சீராகத் தூவுங்கள். முன்கூட்டியே 175 டிகிரிக்குச் சூடாக்கிய அடுப்பில் 25 முதல் 28 நிமிஷம் வைக்கவும். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகே பதினாறு துண்டங்கள் போடுங்கள். அவசரப்பட்டால் உதிர்ந்து விடும்.

இது கீழே உள்ளவர்களுக்கு. ஏற்காடு போன்ற உயரத்தில் இருப்பவர்கள் பேக்கிங் பவுடரை முக்கால் தேக்கரண்டியாகக் குறையுங்கள். சோடாவையும் ஒரு சிட்டிகை குறைக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையில் ஒரு மேஜைக் கரண்டி எடுத்து விடுங்கள். பாலை இரண்டு மேஜைக் கரண்டி கூட்டுங்கள். சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி, இருபதாவது நிமிஷத்திலேயே குத்திப் பாருங்கள். பெரியவர் கைக்கணக்கில் சொன்னதைத்தான் நான் கரண்டிக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

"எங்கள் வீட்டில் மின்சார அடுப்பு இல்லையே!" என்கிறீர்களா? மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் சுட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது தணல் வேண்டாம். அடி கனத்த இரும்புச் சட்டியில் அரை அங்குல உயரம் சுத்தமான மணலைப் பரப்பி, ஒரு முக்காலி வளையம் வைத்து, கனமான மூடி போட்டுப் பத்து நிமிஷம் நடுத்தரமான தீயில் சூடாக்குங்கள். பிறகு மாவு ஊற்றிய தட்டை உள்ளே வைத்து மூடி, தீயைக் குறைத்து விடவும். சட்டிக்குத் தக்கபடி நாற்பது நிமிஷம் வரை ஆகலாம். முதல் முப்பது நிமிஷம் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கேக் செய்வதில் அதுதான் மிகக் கஷ்டமான பகுதி!

காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மூன்று நாள் கெடாது. முதல் நாளைவிட இரண்டாம் நாள் மணம் தூக்கலாக இருக்கும்.

பெரியவர் பக்கத்தில் நிற்க, இரண்டாவது கேக் பதினொன்றரை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியது. கோபுரமும் இல்லை, குளமும் இல்லை. பலகை போல் சமமாக, பொன்னிறமாக இருந்தது. வீடு முழுவதும் மணம். முதல் கேக் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? உதிர்த்து, சூடான பாலை ஊற்றிப் பெரியவரும் என் கணவரும் காப்பியோடு சாப்பிட்டார்கள். "இதுவே தேவலையே!" என்று என் கணவர் சொன்னதை நான் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

மாலையில் மகளும் நான்கு சிநேகிதிகளும் வந்தார்கள். பேச்சும் சிரிப்புமாகத் தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. "அம்மா, எப்போதையும்விட இன்றைக்குத்தான் நன்றாக வந்திருக்கிறது" என்றாள் என் பெண். காலையில் நடந்ததை நான் மூச்சு விடவில்லை.

புறப்படும் சமயம் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. "நீயே சாப்பிடம்மா" என்றேன். அவள் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டாள். "என் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அம்மா. அவளுக்கு ரொம்ப தூரத்து ஊர். ஞாயிற்றுக்கிழமையில் அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை" என்றாள்.

அடுத்த தடவை மலை ஏறும்போது இரண்டு தட்டுக் கேக்குக்குச் சாமான் எடுத்துப் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தையும் எங்கேயாவது விடுதியில் இருந்தால், நீங்களும் நாலு துண்டு கூடவே வையுங்கள்.